வாசற்படி ஏறிய கேள்வித்தாள்

“வீட்டில் மொத்தம் எத்தனை பேர்? சொந்த வீடா, வாடகையா? மாதம் என்ன வருமானம் வரும்? கடன் ஏதும் உண்டா?” இந்தக் கேள்விகளை ஒருமுறையாவது எதிர்கொள்ளாத குடும்பம் அரிது. கேட்டு வருபவர் சமூகப்பணி படிக்கும் கல்லூரி மாணவியாக இருக்கலாம், தொண்டு நிறுவன ஊழியராக இருக்கலாம், அரசு அனுப்பிய கணக்கெடுப்பாளராக இருக்கலாம். கையில் பரீட்சை அட்டை, அதில் செருகிய படிவம். இப்போது சிலரிடம் டேப்லெட். நாமும் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வருமானத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவைக்கிறோம்.

அந்தப் படிவத்துக்கு 200 ஆண்டுக்கு மேல் வயது. ஒரு கிராமப் பாதிரியாரிடம் தொடங்கி, காப்பீட்டுக் கம்பெனி முதலாளி, சுரங்கப் பொறியாளர், பஞ்சு வியாபாரி, கப்பல் முதலாளி, சாக்லேட் முதலாளி என்று கைமாறி, காப்பியடிக்கப்பட்டு, கடல் தாண்டி நம் தெருவுக்கு வந்தது. வறுமை, குழந்தை நலம், முதியோர் நலம், தொழிலாளர் பாதுகாப்பு என்று சமூகப்பணி ஆய்வில் இன்று தனித்தனிப் பிரிவுகளாக இருப்பவை பலவும், இந்தப் படிவம் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு வாசலில் நின்றபோது உருவானவைதான். வழியெல்லாம் ஒன்று திரும்பத் திரும்ப நடந்தது. கேள்விகள் பெரிதாக மாறவில்லை, பேனா கைமாறியது. பேனா கைமாறியபோதெல்லாம் ‘குற்றம் யாருடையது’ என்பதற்கான விடையும் மாறியது.

இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் பார்க்கம் என்றொரு சிற்றூர். அதன் பாதிரியார் டேவிட் டேவிஸ், தன் சபை மக்களின் வீடுகளுக்குப் போனபோது குழப்பமடைந்தார். காலை முதல் மாலைவரை வயலில் உழைப்பவர்களின் பிள்ளைகள் கந்தை உடுத்தி, அரை வயிற்றோடு இருந்தார்கள். ஏழைகளுக்குச் சிக்கனம் தெரியாது, தேநீர் குடித்தே காசை அழிக்கிறார்கள் என்பது அன்றைய கனவான்களின் பேச்சு. டேவிஸ் 1787 ஈஸ்டர் சமயத்தில் 6 குடும்பங்களின் வாரச் செலவை வரவோடு வைத்து எழுதிப் பார்த்தார். ரொட்டி மாவு, பன்றி இறைச்சி, சோப்பு, நூல், மெழுகுவர்த்தி என்று எல்லாம் சேர்த்தால் கூலி போதவில்லை. பால் வாங்க வழியில்லாதவர்கள் வெந்நீரில் தேயிலையைக் காட்டிக் குடித்தார்கள். ஊதாரித்தனம் என்று பேசப்பட்ட தேநீர் அதுதான். இந்தக் கணக்கை அச்சிட்டுப் பிற ஊர்களுக்கு அனுப்பி, உங்கள் ஊரிலும் இதுபோல் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டார். படிவத்தைப் பிறர் பார்த்து எழுதும் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. 1795இல் அது புத்தகமாக வந்தது.

அடுத்து வந்தவர் பணக்காரர். குளோப் காப்பீட்டுக் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான சர் ஃபிரெடரிக் மார்ட்டன் ஈடன், 1794-95இல் தானிய விலை தாறுமாறாக ஏறியதைக் கண்டு விசாரிக்கத் தொடங்கினார். ஊர் ஊராகத் தானே அலைய அவருக்கு நேரமில்லை. நம்பிக்கையான ஓர் ஆளின் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து ஓராண்டுக்கு மேல் சுற்றவிட்டார். கேள்வி எழுதுபவர் ஒருவர், வாசலில் நின்று கேட்பவர் வேறொருவர் என்ற பிரிவினை அங்கிருந்தே கிளம்புகிறது. இன்றைக்கும் பேராசிரியர் வீட்டில் இருக்க, மாணவர் வெயிலில் நடக்கிறார். ஈடனின் 3 தொகுதிகள் 1797இல் வெளியாயின.

பிரான்ஸில் இந்த வேலை சுரங்கத்திலிருந்து வந்தது. ஃபிரெடெரிக் லெ ப்ளே உலோகவியல் படித்த சுரங்கப் பொறியாளர். தொழில் நிமித்தமாக ஐரோப்பா முழுக்கப் பயணம் செய்தவர், சுரங்கங்களைப் பார்த்த கையோடு தொழிலாளர் வீடுகளுக்குள்ளும் நுழைந்தார். 1855இல் அவர் வெளியிட்ட நூலில் 36 குடும்பங்களின் வரவுசெலவு நுணுக்கமாக இருந்தது. அவரைப் பாரிஸில் சந்தித்த சாக்சனிக்காரர் எர்ன்ஸ்ட் ஏங்கலும் சுரங்கக் கல்லூரியில் படித்தவர்தான். மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் வேறு, இவர் வேறு.

மார்க்ஸுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. பெல்ஜியத்தில் சிறைத்துறைக் கண்காணிப்பாளராக இருந்த துக்பெசியோ, அதே 1855இல் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவைத் தொகுத்தார். மாலுமிக்கு, சிப்பாய்க்கு, கைதிக்கு அரசு போடும் சாப்பாட்டோடு தொழிலாளியின் சாப்பாட்டை ஒப்பிட்டார். பெரும்பாலான குடும்பங்கள் கைதியின் அளவைக்கூட எட்டவில்லை. இந்தக் கணக்கை மார்க்ஸ் தன் ‘மூலதனம்’ நூலில் எடுத்தாண்டார். ஏங்கலோ 1857இல் அதே பெல்ஜியக் குடும்பங்களின் கணக்கை வைத்து வேறொன்றைக் கண்டார்: வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது. ஏங்கல் விதி என்று இன்றும் பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான். இந்தியாவில் 2022-23இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமங்களின் மொத்தச் செலவில் உணவின் பங்கு சுமார் 46 சதவீதமாக இறங்கியதைப் பத்திரிகைகள் தலைப்புச் செய்தியாக்கியதற்கும் அந்த விதிதான் காரணம்.

சிறைச் சாப்பாட்டை அளவுகோலாக்கும் யோசனை 20 ஆண்டு கழித்து பம்பாயில் தலைகாட்டியது. தாதாபாய் நௌரோஜி 1855இல் காமா கம்பெனியின் பங்குதாரராக இங்கிலாந்து போனவர். பிறகு சொந்தமாகப் பஞ்சு வியாபாரம் செய்தார். கணக்குப் பார்க்கும் கை. 1876இல் பம்பாயில் அவர் வாசித்த கட்டுரையில், சிறைக் கைதிகளுக்கும், வெளிநாட்டுத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட கூலிகளுக்கும் அரசே விதித்திருந்த உணவு, உடை அளவுகளை எடுத்தார். அவற்றின் விலையைக் கூட்டினார். பம்பாய் மாகாணத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 34 ரூபாய் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் தலைக்குச் சராசரி உற்பத்தியோ ஆண்டுக்கு 20 ரூபாய். கைதிக்கு அரசு செலவிடும் அளவுகூடக் குற்றம் செய்யாத குடிமகனுக்குக் கிடைக்கவில்லை. ஆளப்படுபவரின் கையில் பேனா வந்ததும், குற்றம் ஏழையின் சோம்பலிலிருந்து நகர்ந்து லண்டனுக்குப் போகும் வரிப்பணத்தில் போய் நின்றது.

நௌரோஜி வியாபாரம் கற்ற லிவர்பூலில் பிறந்து வளர்ந்தவர் சார்லஸ் பூத். தோல் வியாபாரமும் நீராவிக் கப்பல்களும் அவர் குடும்பத் தொழில். லண்டனில் நாலில் ஒருவர் ஏழை என்று சோஷலிஸ்டுகள் சொன்னதைப் பொய்யென்று காட்டவே அவர் 1886இல் ஆய்வில் இறங்கினார் என்று ஒரு கதை உலவுகிறது. வரலாற்றாசிரியர்கள் அதை முழுதாக நம்புவதில்லை. எப்படியோ இறங்கினார். கிடைத்த விடை நாலில் ஒன்றையும் தாண்டியது: லண்டன் மக்களில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள்.

இத்தனை வீட்டுக் கணக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு தற்செயலால். 1870இல் பள்ளிக் கல்விச் சட்டம் வந்தபின், பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று பார்க்க வீடு வீடாகச் செல்லும் அலுவலர்கள் லண்டனில் இருந்தார்கள். எந்த வீட்டில் யார், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்பது அவர்கள் நோட்டுப் புத்தகங்களில் இருந்தது. பூத் ஏழைகளிடம் கேட்கவில்லை. அந்த அலுவலர்களை உட்காரவைத்து மணிக்கணக்கில் கேட்டார். அவர் மனைவியின் உறவினரான பியட்ரிஸ் பாட்டர், பின்னாளில் பியட்ரிஸ் வெப் என்று புகழ்பெற்றவர், தையல்காரியாக வேடமிட்டு ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து உள்ளிருந்து பார்த்து எழுதினார்.

பூத் வரைந்த வண்ண வரைபடம்தான் உலகைச் சுற்றியது. தெருத் தெருவாக வண்ணம்: பணக்காரர் தெரு மஞ்சள், நடுத்தரம் சிவப்பு, சுமாராக வாழ்பவர் இளஞ்சிவப்பு, ஏழைகள் வெளிர்நீலம், பரம ஏழைகள் கருநீலம், அடிமட்டம் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு அவர் எழுதிய விளக்கத்தில் குற்றவாளித்தனம் என்ற பொருளும் கலந்திருந்தது. பழைய கனவான்களின் முணுமுணுப்பு வண்ணத்துக்குள் ஒளிந்துகொண்டது. ஆனாலும் கணக்கு தன் வேலையைச் செய்தது. வயதானபின் ஏழையாவது ஒழுக்கக்கேடு இல்லை, வயதாவதன் விளைவு என்று பூத்தே வாதாடத் தொடங்கினார். 1908இல் பிரிட்டன் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்ததில் அவர் பிரச்சாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. முதியோர் நலம் ஓர் ஆய்வுப் பொருளாக நிலைபெற்றதும் அப்போதுதான்.

அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது அந்த வரைபடம் பெண்கள் கையில் விழுந்தது. லண்டனில் படித்தவர்கள் ஏழைகளோடு தங்கி வாழ்ந்த டாய்ன்பீ ஹாலைப் பார்த்துவிட்டுப் போன ஜேன் ஆடம்ஸ், 1889இல் சிகாகோவின் தொழிலாளர் பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தை எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து தொடங்கினார். படித்த பெண்கள் அங்கேயே தங்கி அக்கம்பக்கத்தாருடன் வாழ்ந்தார்கள். 1893இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுக்கத் தீர்மானித்தபோது, அந்த வேலை ஹல் ஹவுஸில் இருந்த ஃபுளோரன்ஸ் கெல்லியிடம் வந்தது. அரசு கேட்டது எண்களை மட்டும். அவர்கள் படிவங்களை அனுப்புமுன் விவரங்களைப் பிரதியெடுத்து, பூத்தைப் போலவே வண்ணம் தீட்டினார்கள். பூத் தெருவுக்கு ஒரு வண்ணம் பூசினார். இவர்கள் வீட்டுக்கு வீடு பூசினார்கள். ஒரு சதுர மைலில் மூன்றிலொரு பங்குப் பரப்பில் 18 நாட்டு மக்கள் இருந்தது தெரிந்தது. இரண்டாவது வரைபடத்தில் வண்ணங்களுக்கு வாரக் கூலிதான் பொருள். கறுப்பு என்றால் வாரம் 5 டாலருக்குள், அவ்வளவுதான். ஒழுக்கம் பற்றிய தீர்ப்பு வண்ணக்குறிப்பிலிருந்து வெளியேறியது. 1895இல் இது நூலாயிற்று. அதற்குள் கெல்லி இல்லினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராகிக் குழந்தைத் தொழிலாளரைத் தேடி ஆலைகளுக்குள் நுழைந்திருந்தார்.

அடுத்த வாசல் பிலடெல்ஃபியா. அந்நகரின் 7ஆவது வார்டில் கறுப்பின மக்கள் அதிகம். நகரத்தின் சீர்கேட்டுக்கு அவர்களே காரணம் என்பது பெரிய மனிதர்கள் பலரின் எண்ணம். 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பின இளைஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸை ‘உதவியாளர்’ என்ற சின்னப் பதவியில் அமர்த்தியது. புதிதாகத் திருமணமான அவர் மனைவியோடு அந்த வார்டிலேயே குடியேறினார். படிவங்களோடு சுமார் 2,500 வீடுகளின் கதவைத் தானே தட்டினார். ஹல் ஹவுஸ் ஆய்வில் பங்குபெற்ற இசபெல் ஈட்டன் வந்து வீட்டுவேலை செய்பவர்கள் பற்றிய பகுதியை எழுதிக் கொடுத்தார். 1899இல் வந்த நூலில் பூத் பாணி வரைபடம் உண்டு, கேள்விகளும் பழையவைதான். ஆனால் படித்த கறுப்பரைக்கூட வேலைக்கு எடுக்காத கடைகள், கூடுதல் வாடகை வாங்கும் வீட்டுக்காரர்கள், அடிமைமுறை விட்டுச்சென்ற மிச்சம் எல்லாம் அதில் பதிவாயின. நகரத்தின் நோய் வார்டுக்கு வெளியே இருப்பதாக அந்தக் கணக்கு சொன்னது. பல்கலைக்கழகம் அவருக்கு வேலை நீட்டிப்புத் தரவில்லை.

அதே 1899இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் சீபோம் ரவுண்ட்ரீ கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். சாக்லேட் தயாரிக்கும் குவேக்கர் குடும்பத்துப் பிள்ளை, வேதியியல் படித்தவர். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். அமெரிக்கர் ஆட்வாட்டர் உணவின் சத்தைக் கலோரியில் அளந்திருந்த முறையை எடுத்து, ஏழை விடுதிகளில் போடும் சாப்பாட்டோடு சேர்த்து, உயிரோடு இருக்கவும் உழைக்கவும் தேவையான குறைந்தபட்சச் செலவைக் கணக்கிட்டார். கணவன், மனைவி, 3 பிள்ளைகளுக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ். அதில் இறைச்சி இல்லை, செய்தித்தாள் இல்லை, கடிதத்துக்குத் தபால்தலை இல்லை, பிள்ளைக்கு மிட்டாய் இல்லை. சாக்லேட் முதலாளி வரைந்த வறுமைக் கோட்டில் சாக்லேட்டுக்கு இடமில்லை. இத்தனை கஞ்சத்தனமாகக் கணக்கிட்டும், அந்தக் கோட்டை எட்டாதவர்களையும் கண்ணுக்குத் தெரிய வறுமையில் உழன்றவர்களையும் சேர்த்தால் யார்க் மக்களில் 27.84 சதவீதம் வந்தது. 1901இல் நூல் வெளியானது. நௌரோஜியின் கட்டுரைகள் தொகுக்கப்பட்டு லண்டனில் புத்தகமாக வந்ததும் அதே ஆண்டில்தான். ரவுண்ட்ரீயின் நூலைப் படித்து அதிர்ந்தவர்களில் இளம் எம்.பி.யாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலும் ஒருவர்.

அமெரிக்காவில் இதற்குள் சர்வே ஒரு மோகமாகியிருந்தது. 1907இல் பால் கெல்லாக் தலைமையில் ஒரு குழு பிட்ஸ்பர்க் என்ற எஃகு நகரத்துக்குள் இறங்கியது. பணம் தந்தது ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளை. புகைப்படம் எடுத்தவர் லூயிஸ் ஹைன். வழக்கறிஞர் கிறிஸ்டல் ஈஸ்ட்மன் ஒரே ஆண்டில் அந்த வட்டாரத்தில் வேலையின்போது இறந்த 526 பேரின் விவரத்தைத் திரட்டினார். ‘கவனக்குறைவு’ என்று முதலாளிகள் சொன்ன பல சாவுகளில் இயந்திரத்தின் குறையும் மேலாளரின் அவசரமும் இருந்தன. பணியிட விபத்துக்கான இழப்பீட்டுச் சட்டங்களுக்கு அது வழிவிட்டது. காப்பியடிப்பவர்கள் குவிந்தார்கள். 1928வரை நடந்த இத்தகைய ஆய்வுகளைப் பின்னர் பட்டியலிட்டபோது 2,775 தேறின.

அதே அறக்கட்டளையில் பணியாற்றிய மேரி ரிச்மண்ட் 1917இல் படிவத்தை வேறு திசைக்குத் திருப்பினார். ஊர் முழுவதற்கும் ஒரே கேள்வித்தாள் என்றிருந்ததை, தனித்தனி நபர்களின் சிக்கலுக்கேற்பப் பிரித்தார். கைவிடப்பட்ட மனைவிக்கு ஒரு கேள்விப் பட்டியல், பார்வையற்றவருக்கு ஒன்று, புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஒன்று. சமூகப்பணி மாணவர்கள் இன்று எழுதும் ‘கேஸ் ஸ்டடி’யின் வேர் அங்கே இருக்கிறது. ஹல் ஹவுஸிலிருந்து கிளம்பிய ஜூலியா லாத்ராப், 1912இல் அமெரிக்கக் குழந்தைகள் நல அமைப்பின் முதல் தலைவரானதும், பெண் ஊழியர்களை ஜான்ஸ்டவுன் என்ற ஊருக்கு அனுப்பினார். 1911இல் பிறந்த குழந்தைகளின் வீடுகளைப் பதிவேட்டிலிருந்து தேடிப்பிடித்து, குழந்தை இருக்கிறதா, இறந்ததா என்று விசாரித்தார்கள். தாய்மாரின் அறியாமைதான் காரணம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, தந்தையின் சம்பளம் ஏற ஏறக் குழந்தை இறப்பு குறைகிறது என்று அந்தக் கணக்கு காட்டியது.

இந்தியக் கிராமத்துக்கு இந்தப் படிவத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் வேதியியலாளர் ஹெரால்டு மான். தேயிலைத் தோட்டங்களுக்காக ஆராய்ச்சி செய்தவர். ரவுண்ட்ரீயின் முறையை இங்கிலாந்தில் ரிட்ஜ்மவுண்ட் என்ற கிராமத்தில் சோதித்துப் பார்த்தார். பின்னர் புனே வேளாண்மைக் கல்லூரிக்கு வந்து, அருகிலிருந்த பிம்ப்ளா சௌதாகர் கிராமத்தை ஆராய்ந்து 1917இல் நூலாக வெளியிட்டார். விவசாயிக்கு நிலம் எத்தனை துண்டுகளாகச் சிதறியிருக்கிறது, கடன் எவ்வளவு என்பதெல்லாம் அங்கே வீடுவாரியாகக் கணக்காயிற்று.

சென்னைக்கு வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். லண்டனின் உல்விச் பகுதிக்கு மேயராக இருந்தவர், தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1915 இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரானார். ஆங்கிலேயப் பொருளியல் பாடப்புத்தகத்தை இங்கே ஒப்பிக்க அவருக்கு விருப்பமில்லை. மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் உங்கள் ஊருக்குப் போய் எழுதி வாருங்கள் என்றார். அப்படி வந்து சேர்ந்தவைதான் இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் முதலிய ஊர்களின் கதைகள். 1918இல் அவை நூலாயின. பேனா முதல்முறையாக ஊர்ப்பிள்ளைகள் கையில் வந்தது. எந்தத் தெருப் பிள்ளைகள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. 1916இல் சென்னைக் கல்லூரிவரை போனவர் சேரியிலிருந்து போயிருப்பது அபூர்வம். ஆனாலும் நிலமற்ற படியாட்களின் நிலை அந்தப் பக்கங்களில் பதிவாகியிருப்பது பெரிய விஷயம்.

இரண்டு சகோதரர்கள் இந்தக் கதையின் இரு முனைகளைப் பிடித்தார்கள். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் செய்துவந்த ஜே. சி. குமரப்பா, 1929இல் காந்தியைச் சந்தித்தார். குஜராத்தில் கேடா மாவட்டத்தின் மாத்தர் தாலுகாவை ஆராயும் வேலை அவரிடம் வந்தது. அவருக்குக் குஜராத்தி தெரியாது; குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் உடன் சென்றார்கள். 50க்கும் மேற்பட்ட கிராமங்களில் தணிக்கையாளரின் கண்ணோடு அவர் பார்த்தது நிலவரி என்ற செலவுப் பத்தியை. விவசாயி கடனாளியானதற்கு அரசின் வரிவிதிப்பே முக்கியக் காரணம் என்று 1931இல் வந்த அறிக்கை காட்டியது.

மூத்தவர் ஜே. எம். குமரப்பா போய்ச் சேர்ந்த இடம் பம்பாயின் நாக்பாடா. ஹல் ஹவுஸின் ஊரான சிகாகோவில் படித்த கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற மிஷனரி, 1920களில் அங்கே ஓர் அக்கம்பக்க இல்லத்தைத் திறந்திருந்தார். டாடா அறக்கட்டளையின் பணத்தில் 1936இல் அவர் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி. 1944இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறியது. மான்ஷார்டுக்குப் பின் 1941இல் அதன் இயக்குநரானவர் ஜே. எம். குமரப்பா. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கியபின், களப்பணி நாட்களில் படிவத்தோடு தெருவில் இறங்குவது நம்மூர் மாணவர்களுக்கும் பாடத்திட்டமாயிற்று.

எல்லா வீட்டையும் தட்டினால் காலும் கஜானாவும் தாங்காது. 1912இல் ஆர்தர் பௌலி என்ற புள்ளியியலாளர் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஏறக்குறைய 20 வீட்டுக்கு ஒரு வீடு என்று பொறுக்கி எடுத்தாலே போதும் என்று செய்துகாட்டினார். அதே பௌலியை இந்திய அரசு அழைத்தது. பொருளாதாரக் கணக்கெடுப்பு எப்படி நடத்துவது என்று 1934இல் அறிக்கை கொடுத்தார். இங்கே அந்த வித்தையைப் பெரிதாக வளர்த்தவரோ தற்செயலாகப் புள்ளியியலுக்கு வந்தவர். இயற்பியல் படித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1915இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஊர் திரும்பும்போது முதல் உலகப்போரால் கப்பல் தாமதமானது. கல்லூரி நூலகத்தில் பொழுதைக் கழித்தபோது ஒரு புள்ளியியல் சஞ்சிகையின் பழைய தொகுதிகள் கண்ணில் பட்டன. அவற்றை வாங்கிக் கப்பலிலேயே படித்தார். வங்காளத்துச் சணல் வயல்களில் மாதிரிக் கணக்கெடுப்பைச் சோதித்து, 1950இல் தேசிய மாதிரி ஆய்வைத் தொடங்கிவைத்தார்.

அந்தக் கணக்கின்மேல் ரவுண்ட்ரீயின் கோடு மீண்டும் வரையப்பட்டது. 1962இல் ஒரு வல்லுநர் குழு, 1960-61 விலையில் ஒருவருக்கு மாதம் 20 ரூபாய் என்று வகுத்தது. 1979இல் கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 கலோரி என்றாயிற்று. யார்க்கிலிருந்து கிளம்பிய கலோரி கடைசியில் நம் பி.பி.எல். (வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்) பட்டியலில் வந்து உட்கார்ந்தது. பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விடுபட்டது என்று சண்டை வராத ஊர் குறைவு.

ஸ்லேட்டரின் கிராமங்களுக்கு ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும், 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல், 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார், இருவேல்பட்டுக்கு 2008இல் மீண்டும் ஒரு குழு. படியாள் முறை மறைந்ததும், பெரிய நிலக்கிழாரின் பிடி தளர்ந்ததும், ஊரார் வெளி வேலையை நம்பத் தொடங்கியதும் ஒரு நூற்றாண்டுத் தொடர்கதையாகக் கிடைத்தன. இத்தனை முறை கேட்கப்பட்டும், பதிலை ஊராரிடம் திருப்பிப் படித்துக்காட்டும் கடமை அந்தப் படிவங்களில் எழுதப்பட்டிருக்கவில்லை.

அந்தக் கடமை 1980களின் இறுதியில்தான் வந்தது. ராபர்ட் சேம்பர்ஸ் முதலிய ஆய்வாளர்களும், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா போன்ற தொண்டு நிறுவனங்களும், படிவத்தை மூடிவைத்துவிட்டு ஊராரையே வரையச் சொன்னார்கள். பொதுவிடத்தில் கோலமாவாலும் வண்ணப்பொடியாலும் பெண்கள் தெருவை வரைந்து, எது யார் வீடு, யாருக்கு நிலமில்லை, யார் தனியாகப் பிள்ளை வளர்க்கிறார் என்று குறித்தார்கள். பூத்தின் வண்ண வரைபடத்தை அங்கே வசிப்பவர்களே தரையில் போட்டார்கள். தமிழ்நாட்டில் 2005இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில் இதுவே ‘மக்கள் நிலை ஆய்வு’ ஆனது. யார் ஏழை என்று ஊரார் கூடிச் சொல்ல, அந்தப் பட்டியலைக் கிராம சபை ஏற்க வேண்டியிருந்தது.

பழைய வழி மறைந்துவிடவில்லை. 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என்று விதிகள் இருந்தன. பள்ளி அலுவலரின் நோட்டைப் பூத் புரட்டியதுபோல, அரசு இன்று மின்வாரியத்தின் மீட்டரைப் பார்க்கிறது. வாசலில் நிற்காமலே கேள்விக்கு விடை எடுத்துக்கொள்கிறது. இப்படி எடுத்த விடை தவறென்றால் அதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். விசாரிக்கப்பட்டவர்கள் முன்னாலேயே பட்டியலை வாசித்து ஒப்புதல் கேட்பது, டேவிஸ் முதல் ரவுண்ட்ரீ வரை யாருக்கும் தோன்றாத யோசனை. 200 ஆண்டுப் பயணத்தில் கடைசியாகச் சேர்ந்ததும் அதுதான். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. பட்டியல் வாசிக்கப்படும்போது அங்கே உட்கார்ந்திருப்பவர் கையில்தான் இனி பேனா இருக்கும்.